மாத்திரையை நிறுத்துங்கள், மிஷினைக் கழற்றுங்கள்

கேள்வி: நாமக்கல் பக்கம் சிறிய அளவில் சத்துமாவு, ராகி மாவு, மல்லிப்பொடி தயாரித்து அரைக் கிலோ பாக்கெட்டுகளாகக் கடைகளுக்குப் போடுகிறோம். தானியத்தை வறுத்துத்தான் அரைக்கிறோம். அப்படியும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் சத்துமாவில் சிவப்பு வண்டும் புழுவும் வந்துவிட்டதென்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். மல்லிப்பொடி பாக்கெட்டுகளில் பொடி ஓட்டைகள் விழுகின்றன. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி, குடோனுக்கு வைக்கும் விஷ மாத்திரையைச் சனிக்கிழமை இரவு மில்லுக்குள் வைத்து ஷட்டரைப் பூட்டிவிட்டு, திங்கள் காலையில் திறக்கிறோம். ஒரு வாரம் வண்டு குறைகிறது, மறுபடியும் வந்துவிடுகிறது. எத்தனை மாத்திரை வைத்தால் அடியோடு போகும்? மில்லின் பின்பக்க அறையில் எங்களிடம் வேலை செய்யும் குடும்பம் குழந்தைகளோடு தங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலிக்கிறது என்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்:

வணக்கம் சகோதரி. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்திலிருந்து மில்லுக்குள் ஒரு மாத்திரைகூட வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால், அந்தக் குடும்பத்தை உடனே அந்த அறையிலிருந்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். கதவு ஜன்னலெல்லாம் திறந்து நன்றாகக் காற்றோடிய பிறகுதான் யாரும் உள்ளே போகலாம். தலைவலியோடு வாந்தி, நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன இடத்தில் “அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தூங்கினார்கள்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அந்த மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற வாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். மூட்டைக்குள் இருக்கும் தானியத்தின் உள்ளே வரை ஊடுருவக்கூடிய வாயு அது. நடுச்சுவர் விரிசல், ஓட்டு இடுக்கு, கரண்ட் பைப், கதவின் அடிச்சந்து எதுவும் அதற்குத் தடையில்லை. மனித உடம்புக்குள் போய்விட்டால் அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. டாக்டர்கள் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். பூண்டு போலவோ கார்பைடு போலவோ வாசனை வரும் என்பார்கள். ஆனால் வாசனை வராததை வைத்து வாயு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. குடோனில் வைத்த மாத்திரையால் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தைகள் இறந்த செய்திகள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. இதை எழுதும்போதே எனக்குப் பதைப்பாக இருக்கிறது. அதனால்தான் வண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாத்திரை நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அரசு அமைப்புகளும், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும், அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் மேற்பார்வையில்தான் பயன்படுத்தலாம். கையில் மிச்சம் இருப்பதைத் தண்ணீரில் போட்டு அழிக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர் பட்டால் வாயு ஒரே மூச்சில் கிளம்பும், தீப்பிடிக்கவும் செய்யும். டப்பாவை இறுக மூடி, ஆட்கள் புழங்காத, ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் பூட்டி வைத்து, உரிமம் பெற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

சரி, இப்போது வண்டுக்கு வருவோம். எத்தனை மாத்திரை என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை வைத்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. பாஸ்பீன் மெதுவாகக் கொல்லும் வாயு. ஓடித்திரியும் வண்டும் புழுவும் சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும் அதிகம் தாங்கும். அதனால்தான் முறையான புகைமூட்டத்தில், அதாவது வாயு விட்டுப் பூச்சியைக் கொல்லும் முறையில், காற்றுப் புகாத தார்ப்பாலின் போர்த்தி, ஓரங்களில் மணல் பைகளை அடுக்கி, ஒரு வாரம் வரை அப்படியே விடுகிறார்கள். தகரக் கூரையும் ஷட்டரும் உள்ள மில்லில் சனி இரவு வைத்த மாத்திரையின் வாயு நிற்காமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பெரிய வண்டுகள் செத்துக் கிடப்பதைப் பார்த்து உங்களுக்கு நிம்மதி வருகிறது. இடுக்கில் இருந்த முட்டைகள் பொரிந்து அடுத்த கூட்டம் தயாராகிறது. அரைகுறை வாயுவில் பிழைத்தவற்றின் வாரிசுகளுக்குத் தாங்கும் சக்தியும் கூடுகிறது. பாஸ்பீனுக்கு அசையாத மாவு வண்டுகள் இந்தியாவின் பல கிடங்குகளில் இருப்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அப்புறம், காற்றோடிய பின் இந்த வாயு எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போவதில்லை. திங்கள் மதியம் புதிதாக ஒரு வண்டு உள்ளே பறந்து வந்தால் அதைத் தடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

உங்கள் எடை மிஷினோ பேனல் போர்டோ அடிக்கடி பழுதாகிறதா என்றும் பாருங்கள். பாஸ்பீன் செம்பை அரிக்கும். மோட்டார் வைண்டிங், சுவிட்ச், சர்க்யூட் போர்டு எல்லாம் மாத்திரை வைக்கும் மில்களில் சீக்கிரம் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி “வறுத்துத்தான் அரைக்கிறோம்” என்பது. தானியத்தில் வரும் எந்தப் பூச்சியும், எந்த முட்டையும், 60 டிகிரிச் சூட்டில் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. வறுவலில் நீங்கள் அதைவிட எவ்வளவோ மேலே போகிறீர்கள். அப்படியென்றால் பாக்கெட்டில் பிறந்த வண்டு தானியத்தோடு வரவில்லை. வறுத்த பிறகு, ஆற வைக்கும் இடத்திலிருந்து சீல் வைக்கும் இடம் வரைக்குமான தூரத்தில் எங்கேயோ மாவில் சேர்ந்திருக்கிறது. அல்லது கடையில் வெளியிலிருந்து நுழைந்திருக்கிறது. தேட வேண்டிய இடம் இவ்வளவு சுருங்கிவிட்டது பெரிய லாபம். வறுக்காமல் பச்சையாக அரைக்கும் மில்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

நீங்கள் சொல்லும் சிவப்பு வண்டு, மாவு வண்டு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடம்பு, செம்பழுப்பு நிறம். மூக்கு நீண்ட கூன்வண்டு முழுத் தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். மாவு வண்டுக்கு அந்த வேலை சரியாக வராது. அதற்கு மாவும் குருணையும் தூசியும் வேண்டும். மில்லே அதற்கு வீடு என்பது இதனால்தான். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். முட்டையின் மேல் ஒரு பசை இருக்கும், மாவுத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் வெயிலில் முட்டை வண்டாக மாறச் சுமார் ஒரு மாதம். நல்ல சூட்டில் மூன்று வாரமே போதும். வளர்ந்த வண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கூட்டம் பெருகினால் மாவில் ஒரு காரமான மருந்து வாடை வரும், மாவு லேசாக இளஞ்சிவப்பாகவும் மாறும். அது வண்டு கக்கும் குயினோன் என்ற ரசாயனத்தால் வருவது. அந்த நிலைக்குப் போன மாவைச் சலித்து விற்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது.

ஒன்றரை மாதத்தில் பாக்கெட்டில் வண்டு தெரிகிறது என்றால், பேக்கிங் செய்த அன்றே முட்டை உள்ளே இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இதை ஊகத்தில் விடாமல் பரிசோதித்துப் பார்க்கலாம், செலவும் பெரிதாக இல்லை. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடிகளைக் கழுவி, வெயிலில் காய வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே பேட்சிலிருந்து, வறுத்து ஆறிய தானியம் ஒரு ஜாடி, பல்வரைசரிலிருந்து (அரவை மிஷின்) வந்த மாவு ஒரு ஜாடி, சலித்த மாவு ஒரு ஜாடி, பேக்கிங் மிஷின் ஹாப்பரிலிருந்து (மாவு கொட்டும் புனல் தொட்டி) ஒரு ஜாடி என்று எடுத்துத் தேதி எழுதி ஒட்டுங்கள். சீல் வைத்த பாக்கெட் ஒன்றையும் ஒரு பெரிய ஜாடிக்குள் வைத்து மூடுங்கள். மில்லில் வைக்காமல் வீட்டில், கொஞ்சம் வெதுவெதுப்பான அலமாரியில் 45 நாள் வையுங்கள். வாரம் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள். இந்த வரிசையில் முதலாவதாக எந்த ஜாடியில் புழு வருகிறதோ, அதற்கும் முந்தைய ஜாடிக்கும் நடுவில் இருக்கும் மிஷின்தான் குற்றவாளி. ஐந்திலும் ஒன்றும் வராமல் கடையிலிருந்து மட்டும் திரும்பி வருகிறது என்றால் கோளாறு பாக்கெட்டிலோ கடையிலோ இருக்கிறது. இதை மூன்று நான்கு பேட்சுக்குச் செய்யுங்கள், ஒரு பேட்ச் ஏமாற்றலாம்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். என் அனுபவத்தில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பல்வரைசரில் மாட்டியிருக்கும் துணிப் பைகள். காற்று வெளியேற, மாவுத் தூசு உள்ளே தங்குகிறது. தையல் மடிப்பில் மாவு கெட்டித்துப் போய் மாதக்கணக்கில் உதறாமலேயே இருக்கும். வண்டுக்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடைக்காது. மிஷின் ஓடும் அதிர்வில் அங்கிருந்து முட்டையும் புழுவும் புது மாவில் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடுத்தது மாவைத் திருகித் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயரின் கடைசி முனை, வாளிகளால் மாவை மேலே தூக்கும் எலிவேட்டர் இருந்தால் அதன் அடிப்பகுதி. இந்த இரண்டு இடத்திலும் தகடுக்கும் ஸ்க்ரூவுக்கும், தகடுக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு கைப்பிடி மாவு எப்போதும் தேங்கி நிற்கும். மேலே புது மாவு ஓடிக்கொண்டே இருந்தாலும் அடியில் கிடப்பது நகராது. சல்லடைச் சட்டத்தின் மரமும் ரப்பர் பட்டையும் சேரும் இடம், ஹாப்பரின் மூலை வெல்டிங், மிஷின் நிற்கும் இரும்புக் காலின் உள்கூடு, மோட்டார் கவருக்கு அடியில், கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள்ளே, இவையும் பார்க்க வேண்டியவை. டார்ச்சும் ஒரு மெல்லிய பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் மிஷினை முழுசாக நிறுத்திவிட்டு உட்காருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கழற்ற வேண்டும் என்பதற்கு வண்டே கணக்குச் சொல்லிவிட்டது. வெயில் காலத்தில் முட்டை வண்டாக மாற மூன்று வாரம் ஆகும். அதற்குள் அந்த மாவை அங்கிருந்து எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறையே உருவாகாது. ஆகவே துணிப் பை, ஸ்க்ரூ முனை, எலிவேட்டர் அடி, சல்லடை இவற்றை வாரம் ஒரு முறையும், மிச்ச எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் திறந்து சுத்தம் செய்யுங்கள். தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை என்று பெரிய சுத்தம் செய்யும் மில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் வண்டு நாலைந்து தலைமுறை பார்த்துவிடுகிறது.

சுத்தம் செய்யும் விதமும் முக்கியம். கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதாதீர்கள். இருக்கிற தூசியும் முட்டையும் சுவரின் மேல், விட்டத்தின் மேல், பேனல் போர்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பறக்கும் மாவுத் தூசியில் ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். தொழிற்சாலைகளுக்கான, தூசிக்கென்றே செய்த வாக்குவம் கிளீனர் வாங்குங்கள், உங்கள் மில்லுக்கு அதுதான் பூச்சி மருந்து. தண்ணீர் ஊற்றியும் கழுவாதீர்கள். இடுக்கில் போன மாவு பசையாகி, பூஞ்சணம் பிடிக்கும். எடுத்த தூசியை உடனே பையில் கட்டி மில்லை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். துணிப் பைகளுக்கு மட்டும் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட்டை உதறித் துவைத்து, காய்ந்தபின் கறுப்புப் பாலிதீனில் சுற்றி உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வையுங்கள். உள்ளே 50 டிகிரிக்கு மேல் போகும், சில மணி நேரத்தில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். சித்திரை வைகாசியில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் வசதி இது. சல்லடைச் சட்டங்களுக்கும் இதையே செய்யலாம். வெளிநாட்டுப் பெரிய மில்களில் கட்டடம் முழுவதையும் ஹீட்டர் வைத்து 50 முதல் 60 டிகிரி வரை ஒரு நாளுக்கு மேல் சூடேற்றுகிறார்கள், அதுவும் இதே தத்துவம்தான்.

சுத்தம் செய்து மறுநாள் ஓட்டும்போது முதலில் வரும் சில கிலோ மாவைப் பேக்கிங்குக்கு விடாதீர்கள். மனசு கேட்காது, தெரியும். இடுக்கிலிருந்து கிளம்பியது எல்லாம் அந்த முதல் மாவில்தான் இருக்கும்.

கடைசிச் சல்லடையின் கண் அளவு என்ன என்று நீங்கள் எழுதவில்லை. மாவு வண்டின் முட்டை சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்ற கணக்கு. 60 மெஷ் சல்லடையின் கண் 0.25 மில்லிமீட்டர், அதில் முட்டை போகாது. 40 மெஷ் என்றால் கண் 0.4 மில்லிமீட்டருக்கு மேல், முட்டை நெட்டுக்குத்தாக நழுவி விழுந்துவிடும். சத்துமாவு கொஞ்சம் கரகரப்பாக இருக்க வேண்டும் என்று 40-லேயே சலிப்பவர்கள் உண்டு. முடிந்தால் 60-க்கு மாறுங்கள். எந்தக் கண்ணாக இருந்தாலும் கடைசிச் சலிப்பு, பேக்கிங் ஹாப்பருக்கு நேர் மேலே, அதற்குப் பிறகு மாவு எங்கும் தங்காதபடி இருக்க வேண்டும். சலித்த மாவை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வைத்துவிட்டுப் பேக் செய்தால் சலித்ததற்கு அர்த்தமில்லை. வறுத்த தானியத்தை ஆற வைப்பதும் அப்படித்தான். தரையில் தார்ப்பாய் விரித்து ராத்திரி முழுக்க ஆற வைப்பதாக இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். மாவு வண்டு பறக்கும். ஸ்டீல் தட்டில், அடியில் மின்விசிறி வைத்து, வலை மூடி, அரை மணி நேரத்தில் ஆற்றுவது நல்லது.

அடுத்தது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. கடைகளிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளை எங்கே வைக்கிறீர்கள்? பெரும்பாலான சிறு மில்களில் அவை மில்லின் ஒரு மூலையில், சாக்கில் கட்டி, மாட்டுத் தீவனத்துக்கு ஆள் வரும்வரை கிடக்கும். உயிருள்ள வண்டு நிறைந்த மூட்டையை நாமே சுமந்து வந்து அரவை மிஷினுக்குப் பத்தடி தள்ளி வைக்கிறோம். இனிமேல் திரும்பி வரும் சரக்கு மில் வாசலைத் தாண்டக் கூடாது. தனியாக, தூரமாக, மூடியுள்ள டிரம் ஒன்று வைத்து அதில் போட்டு, அந்த வாரத்துக்குள் அப்புறப்படுத்துங்கள். டெலிவரி வண்டியையும் பெருக்குங்கள். தானியம் வந்த பழைய சாக்குகளை மில்லுக்குள் சேர்த்து வைப்பதும் இதே தப்புதான்.

தானியம் வாங்கும்போது ஒரு வார்த்தை. எப்படியும் வறுக்கிறோம், பூச்சி செத்துவிடும் என்று துளை விழுந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் விலை குறைவாக வாங்காதீர்கள். பூச்சி செத்தாலும் அதன் கழிவு போகாது. தானியத்தில் அந்தக் கழிவைக் காட்டும் யூரிக் அமிலம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. குழந்தைகள் சாப்பிடும் மாவு அல்லவா? கேழ்வரகைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், முழுத் தானியமாக இருக்கும்வரை அதைப் பூச்சி லேசில் தொடாது.

மல்லிப்பொடியில் நீங்கள் பார்ப்பது வேறு ஆள். பாக்கெட்டில் ஊசி குத்தினதுபோல் ஓட்டை, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கூன் விழுந்தாற்போல் உருண்டையான பழுப்பு வண்டு என்றால் அது சிகரெட் வண்டு. புகையிலையில் ஆரம்பித்து மல்லி, மிளகாய், மஞ்சள் வரை எதையும் விடாது. மாவு வண்டு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையிலும் சரியாக ஒட்டாத சீலிலும் நுழையும் வகை. சிகரெட் வண்டு பாலிதீனைக் கடித்து வழி போட்டுக்கொள்ளும். அதனால் மல்லிக்குத் தனி அறை, தனி நாள், முடிந்தால் தனி மிஷின். பாக்கெட்டும் வெறும் பாலிதீனாக இல்லாமல் கனமான இரண்டடுக்கு, மூன்றடுக்கு லேமினேட்டாக இருக்கட்டும். எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் சீலின் இரு மூலைகளைச் சோதியுங்கள். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் பாக்கெட்டை அமுக்கினால் குமிழி வரக் கூடாது. சீல் வைக்கும் இடத்தில் மாவுத் தூசு ஒட்டியிருந்தால் பார்க்க ஒட்டினமாதிரி இருக்கும், வண்டு நுழையும் அளவுக்கு வழியும் இருக்கும்.

மருந்தே வேண்டாமா என்று கேட்பீர்கள். சுவருக்கும் வாசல் ஓரத்துக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்தை, மில் நின்றிருக்கும் நாளில், மிஷின்களை மூடிவைத்து, உரிமம் பெற்றவர் அடிக்கலாம். மாவு தொடும் எந்தப் பரப்பிலும் கூடாது. பழைய மில்காரர்கள் டைக்ளோர்வாஸ் அடிக்கச் சொல்லலாம். அது 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. தூசு படிந்த சுவரில் எந்த மருந்து அடித்தாலும் தூசியே அதைக் குடித்துவிடும், எனவே சுத்தம் முடிந்தபிறகுதான் அந்தப் பேச்சு. வேப்பிலை, நொச்சி எல்லாம் வீட்டில் பருப்பு டப்பாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூ கன்வேயரின் அடிக்கு அவை போய்ச் சேராது.

வண்டு குறைகிறதா என்பதைக் கண்மதிப்பில் சொல்லாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். மாவு வண்டுக்கும் சிகரெட் வண்டுக்கும் தனித்தனி பெரோமோன் பொறிகள், அதாவது வண்டின் வாசனையைக் காட்டி இழுக்கும் பொறிகள், விற்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கிடங்குகளுக்கென்று புற ஊதா விளக்குப் பொறியும், தானியத்துக்குள் செருகும் துளைக்குழாய்ப் பொறியும் வடிவமைத்திருக்கிறது. நாமக்கல்லில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். விளக்குப் பொறியைக் குடோன் மூலையில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள், பேக்கிங் மேஜைக்கு மேலேயோ வாசலிலிருந்து தெரியும்படியோ வேண்டாம், வெளியில் இருப்பதையும் அது கூப்பிட்டுக் கொண்டு வரும். வாரா வாரம் ஒரே கிழமையில் எண்ணி நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் எந்த மிஷின் எப்போது கழற்றப்பட்டது என்றும் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் காட்டுவதற்கும் அந்த நோட்டு உதவும்.

இப்போது கடைகளில் இருக்கும் சரக்கை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். இந்த முறைகளைத் தொடங்குவதற்கு முன் பேக் செய்தவற்றைக் கடைக்காரர் கேட்பதற்கு முன்பே நீங்களே திரும்ப எடுத்துவிடுங்கள். நஷ்டம்தான். ஆனாலும் அது ஒரு முறையோடு போகும். புதுச் சரக்கு போகும்போது பழைய பாக்கெட்டை முன்னால் வைக்கச் சொல்லுங்கள், திறந்த கோதுமை, ரவை மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஜாடிகளில் எதில் முதலில் புழு வந்தது, உங்கள் சல்லடை எத்தனை மெஷ் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்து எந்த இடத்தை மாற்றி அமைக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் குடும்பத்தின் தலைவலி நின்றதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.